மருந்து ஒன்று, காலம் பல: தெசுத்தோசுத்தரோன் ஊசிவகைகளும் அவற்றிடை மாறும் முறையும்

உடம்பிற் சுரக்கவேண்டிய பொருளொன்று சுரவாதொழியின், அதனை வெளியிலிருந்து ஊட்டி உடம்பைப் பேணுதல் மருத்துவ அறிவு கண்ட பெரும் பேறுகளுள் ஒன்றாகும். நீரிழிவு நோயாளர் இன்சுலின் ஊசி ஏற்றுவதை இன்று நம் நாட்டிற் சிறுவரும் அறிவர். அதுபோலவே ஆண்மைக்குரிய ஓமோனாகிய தெசுத்தோசுத்தரோன் குன்றியவர்க்கு அதனை ஊசிவழியாக ஏற்றுதலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. ஆயின், இன்சுலினைப் பற்றித் தாராளமாகப் பேசும் வாய் இதனைப் பற்றிப் பேச நாணுகின்றது. நாணத்தால் அறியாமையும், அறியாமையாற் பிழையும் விளைகின்றன. அப்பிழைகளுட் பல, ஒருவகை ஊசியிலிருந்து மற்றொருவகைக்கு மாறும்பொழுது நேர்வன. அம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய செய்திகளை முறைப்படத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவர் கூறவேண்டியதை ஆசிரியன் கூறிவிட இயலாது. மருத்துவர் கூறுவதை விளங்கிக்கொள்ளும் வழியைக் கூறலாம்.

இவ்வோமோன் யாவர்க்கு வேண்டப்படுகின்றது எனின், பல திறத்தார்க்கு என்க. மிகுதியான ஒரு நிறமூர்த்தத்தோடு, அஃதாவது 46க்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்களோடு, பிறக்கும் கிளைன்பெல்டர் நிலையினர். கூகைக்கட்டு நோய் விதைகளைத் தாக்கியதனால் அவை செயலிழக்கப் பெற்றவர். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிற் கட்டி தோன்றியவர். விபத்தாலேனும் புற்றுநோய்ச் சிகிச்சையாலேனும் விதைகளை இழந்தவர் ஆகியோர் ஒரு சாரார். பிறப்புப் பதிவிற் பெண் எனக் குறிக்கப்பட்டும் தம்மை ஆணென உணர்ந்து வாழும் திருநம்பியர் மற்றொரு சாரார். இலங்கையிற் சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இத்தகையோர்க்குப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் முறையை வகுத்தது. இரு சாரார்க்கும் இம்மருந்து சில நாளைக்கு உண்டு விடுவதன்று, பல்லாண்டு தொடர்வது. விதைகளை இழந்த ஒருவர் இதனை நெடுங்காலம் நிறுத்திவிடின் தசை தளரும், குருதி குன்றும், என்பு அடர்த்தி இழந்து எளிதின் முறியும், உள்ளமும் சோரும்.

பல்லாண்டு தொடரும் சிகிச்சையில் மருந்தின் வடிவம் மாறாதிருத்தல் அரிது. 2022 இல் இலங்கையை வருத்திய பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் பல கிடையாது போனமையை யாவரும் அறிவோம். வழக்கமான ஊசி இல்லையெனின் இருப்பதைக்கொண்டு சமாளிக்கவேண்டிய நிலை எழுந்தது. அன்றியும், யாழ்ப்பாணத்தார் இன்று பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். கனடாவிற் பெருவழக்கான ஊசி வேறு. பிரித்தானியாவிற் பெருவழக்கான ஊசி வேறு. ஒரு நாட்டிற் சிகிச்சை தொடங்கி மற்றொரு நாட்டிலே தொடர்பவர் நம்மவருட் பலர். ஆதலின் இவ்வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று.

ஓமோன் கண்ட வரலாறு

விதைகளிலே உடம்பை ஆளும் ஆற்றல் ஒன்று உண்டென்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே உழவர் அறிந்திருந்தனர். நாம்பனை நலமடித்தால் அதன் மூர்க்கம் தணிந்து ஏருக்கும் வண்டிக்கும் அடங்குவதை நம் முன்னோர் நாடோறும் கண்டனர். இதன் காரணத்தை முதன்முதற் சோதனையால் ஆராய்ந்தவர் செருமனியின் கோற்றிங்கன் நகரப் பேராசிரியர் பெர்தோல்ட் ஆவர். 1849 இல் அவர் சேவற்குஞ்சுகளின் விதைகளை நீக்கினார்; சிலவற்றுக்கு நீக்கிய விதையை வயிற்றறையின் வேறோரிடத்தே மீளப் பதித்தார். விதை இழந்தவை கொண்டை சிறுத்துக் கூவாதிருந்தன; பதிக்கப்பெற்றவை இயல்பான சேவல்களாக வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னரும் விதை தொழிற்பட்டமையால், அது குருதிவழியாக ஏதோவொரு பொருளை அனுப்புகின்றது என்பது பெறப்பட்டது.

1889 இல், 72 வயதினரான பிரவுன்-செக்கார் என்னும் அறிஞர் விலங்குகளின் விதைச்சாற்றைத் தம் உடம்பிலே ஏற்றி, இளமை மீண்டதாகப் பாரிசு நகர அறிஞரவையில் அறிவித்தார். தெசுத்தோசுத்தரோன் நீரிற் கரைவது மிக அரிது. ஆதலின் அவருடைய நீர்ச்சாற்றில் அது பயன்றரும் அளவில் இருந்திருக்க இயலாது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே என்பது பிற்காலத்தார் முடிபு. இச்செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. இம்மருந்தின் வரலாறு முழுவதும் ‘எதிலே கரைப்பது, எவ்வளவு காலம் நிற்கச்செய்வது’ என்னும் ஈர் வினாக்களின் வரலாறேயாகும்.

1935 இல் ஒல்லாந்தின் அம்சுற்றர்டாம் நகரில் எர்ன்ஸ்ற் லாக்குவர் குழுவினர் காளைகளின் விதைகளிலிருந்து தூய ஓமோனைப் பிரித்தெடுத்து, அதற்குத் தெசுத்தோசுத்தரோன் எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 100 கிலோகிராம் விதையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம் மாத்திரமே. அதே ஆண்டில் அடோல்ஃப் பூற்றனாண்டும் லெயொபோல்ட் ருசிச்காவும் தனித்தனியே கொலத்திரோலிலிருந்து இதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். இருவர்க்கும் 1939 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அன்றைய நாற்சி அரசு தடுத்தமையாற் பூற்றனாண்ட் அதனை உடன் ஏற்க இயலாது, போர் முடிந்தபின் 1949 இற் பெற்றார்.

எசுத்தர் என்னும் உபாயம்

ஓமோன் கிடைத்தது, அதனை உடம்பில் நிறுத்துவது எங்ஙனம்? வாய்வழியாக உட்கொண்டால் குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் குருதியோடு சென்று, அங்கேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். தூய ஓமோனை ஊசியால் ஏற்றினும் அது விரைவில் அழிந்துபோம். நாளுக்குப் பன்முறை ஊசி ஏற்ற நேரும். இதற்கு இரசாயனர் கண்ட உபாயமே எசுத்தர் ஆக்குதலாகும். அற்ககோலின் தன்மையுடைய ஒரு மூலக்கூறும் ஓர் அமிலமும் கூடி நீர் நீங்க உண்டாகும் சேர்வையே எசுத்தர். தெசுத்தோசுத்தரோன் மூலக்கூற்றிற் பதினேழாம் இடத்திலுள்ள காபன் அணுவில் அற்ககோற் கூட்டம் ஒன்று உண்டு. அதனோடு ஒரு கொழுப்பமிலத்தைப் பிணைத்துவிடின், மூலக்கூறு எண்ணெயில் எளிதிற் கரைவதாயும் நீரைப் பின்னும் வெறுப்பதாயும் ஆகின்றது.

அவ்வெண்ணெய்க் கரைசலைத் தசையில் ஏற்றினால், அஃது அங்கே ஒரு சிறு குளம்போலத் தங்கும். குளத்திலிருந்து மதகுவழியே நீர் கசிவதுபோல, எசுத்தர் சிறிது சிறிதாகக் குருதியுட் கசியும். குருதியை அடைந்ததும் நொதியங்கள் அமிலவாலை விரைவில் வெட்டிவிட, எஞ்சுவது தூய தெசுத்தோசுத்தரோனே. இஃது உடம்பு தானே ஆக்கும் ஓமோனின் எவ்வகையிலும் வேறன்று. எனவே, வால் எதுவாயினும் இறுதியிற் றொழிற்படும் மருந்து ஒன்றே. வால் தீர்மானிப்பது காலத்தை மட்டுமே. வால் நீள நீள எண்ணெயை விட்டுப் பிரிய மனமின்றி எசுத்தர் நெடிது தங்கும். இக்கட்டுரையின் கருத்தனைத்தும் இவ்வொரு நியதியிலிருந்தே பிறக்கின்றது.

மூன்று காபன் அணுக்களையுடைய குறுவால் கொண்டது புரோப்பியோனேற்று. 1930களின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த இது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுவதால், கிழமைக்கு இரண்டு மூன்று ஊசி வேண்டியதாயிற்று. ஏழு காபன் கொண்ட எனாந்தேற்றும் எட்டுக் காபன் கொண்ட சிப்பியோனேற்றும் 1950களில் வந்தன. இவை ஒன்று முதல் மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றப்படுவன. பதினொரு காபன் கொண்ட அண்டெக்கனோவேற்றை ஆமணக்கெண்ணெயிற் கரைத்த நெடுங்கால ஊசி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐரோப்பாவில் வழக்குக்கு வந்தது. நெபிடோ என்பது அதன் வணிகப் பெயர்களுள் ஒன்று. அதன் 1000 மில்லிகிராம், 4 மில்லிலீற்றர் எண்ணெயில் அடங்குவது. முதல் ஊசிக்கு ஆறு கிழமையின் பின் இரண்டாவதும், அதன்பின் 10 முதல் 14 கிழமைக்கு ஒருமுறையும் ஏற்றப்படும்.

இவற்றிடையே சசுத்தனன் 250 என்பது ஒரு கலவையாகும். புரோப்பியோனேற்று 30, பீனைல்புரோப்பியோனேற்று 60, ஐசோகப்புரோவேற்று 60, தெக்கனோவேற்று 100 என நான்கு எசுத்தர்கள் ஒரு மில்லிலீற்றரில் 250 மில்லிகிராமாகக் கலக்கப்பட்டுள்ளன. குறுவால் முதல்நாளிலும் நெடுவால் மூன்றாங் கிழமையிலும் பயன்தரல் வேண்டும் என்பது அதனை வகுத்தோர் கருத்து. வழக்கமாக மூன்று கிழமைக்கு ஓர் ஊசி ஏற்றப்படும். ஆயினும் நான்கும் ஒருங்கே கசியத் தொடங்குவதால், முதலிரு நாளில் அளவு உயர்ந்து பின்னர்ப் படிப்படியாகத் தாழ்வதே இதனிடத்தும் காணப்படுகின்றது.

எண்ணெயும் மருந்தின் உறுப்பே

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றொரு கொள்கை உண்டு. ஒரே மருந்தைத் தேனிற் கொடுத்தல், நெய்யிற் கொடுத்தல், பாலிற் கொடுத்தல் வேறுவேறு பயன் தரும் என்பர். ஊசிமருந்தின் எண்ணெய் அவ்வனுபானத்தை நினைவூட்டுகின்றது. எனாந்தேற்று பெரும்பாலும் நல்லெண்ணெயிலும், சிப்பியோனேற்று பருத்திவிதை எண்ணெயிலும், சசுத்தனன் நாம் கச்சான் என்று வழங்கும் நிலக்கடலையின் எண்ணெயிலும், நெபிடோ ஆமணக்கெண்ணெயிலும் கரைக்கப்படுகின்றன. செக்கிலும் அடுக்களையிலும் நாம் கண்ட எண்ணெய்களே தூய்மையாக்கப்பட்டு மருந்துச்சாலையை அடைந்துள்ளன.

எண்ணெய் மாறின் காலமும் மாறும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவாம். அண்டெக்கனோவேற்றைத் தேயிலை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையெண்ணெயிற் கரைத்துச் சீனத்தில் வழங்கினர். அதனையும் ஆமணக்கெண்ணெய்க் கரைசலையும் 1990களின் இறுதியில் ஒப்பிட்டபோது, முன்னையதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 21 நாள் எனவும் பின்னையதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 34 நாள் எனவும் கண்டனர். எசுத்தர் ஒன்று, அளவும் ஒன்று, எண்ணெய் வேறு. அரைவாழ்வுக்காலம் என்பது மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்குச் செல்லும் காலமாகும்.

எண்ணெயைக் கேட்டறிதற்கு வேறொரு காரணமும் உண்டு. கச்சான் ஒவ்வாமை உடையவர்க்கும் சோயா ஒவ்வாமை உடையவர்க்கும் சசுத்தனன் கூடாதென அம்மருந்தின் குறிப்பே விலக்குகின்றது. நல்லெண்ணெயிலுள்ள எனாந்தேற்றைப் பல்லாண்டு தீங்கின்றி ஏற்றியவர் ஒருவர், தமக்குக் கச்சான் ஒவ்வாதென்பதைச் சொல்லாது சசுத்தனனுக்கு மாறினால் உயிருக்கே ஊறு நேரலாம். ஓமோன் மாறவில்லை, எண்ணெய் மாறிவிட்டது.

எண்கள் தரும் மயக்கம்

மருந்துச் சிமிழிற் பொறித்த எண்ணைக் கண்டு மயங்குதலே மிகப் பெருவழக்கான பிழை. ஒருவர் 100 என்கின்றார். ஒருவர் 250 என்கின்றார். ஒருவர் 1000 என்கின்றார். கேட்போர் இவற்றைச் சிறிது, பெரிது, மிகப் பெரிது எனக் கொள்வர். கணக்கிட்டுப் பார்ப்பின் உண்மை வேறாகும்.

எசுத்தரின் நிறையில் ஒரு பகுதி வாலின் நிறையாகும். அவ்வாலுக்கு ஓமோனின் பயனில்லை. தெசுத்தோசுத்தரோனின் மூலக்கூற்று நிறை 288. எனாந்தேற்றின் நிறை ஏறத்தாழ 401. ஆகவே 100 மில்லிகிராம் எனாந்தேற்றில் உள்ள ஓமோன் 72 மில்லிகிராம். இவ்வாறே 100 மில்லிகிராம் சிப்பியோனேற்றில் 70 மில்லிகிராமும், புரோப்பியோனேற்றில் 84 மில்லிகிராமும், அண்டெக்கனோவேற்றில் 63 மில்லிகிராமும் அடங்கும். சசுத்தனன் 250 இல் உள்ள நான்கையும் தனித்தனி கணக்கிட்டுக் கூட்டின் 176 மில்லிகிராம் வரும்.

இனி இதனைக் கிழமைக் கணக்கில் வைப்போம். கிழமைதோறும் 100 மில்லிகிராம் சிப்பியோனேற்று ஏற்றுபவர் கிழமைக்குப் பெறும் ஓமோன் 70 மில்லிகிராம். மூன்று கிழமைக்கு ஒருமுறை எனாந்தேற்று 250 ஏற்றுபவர் பெறுவது 60. மூன்று கிழமைக்கு ஒருமுறை சசுத்தனன் 250 ஏற்றுபவர் பெறுவது ஏறத்தாழ 59. பன்னிரு கிழமைக்கு ஒருமுறை அண்டெக்கனோவேற்று 1000 ஏற்றுபவர் பெறுவது ஏறத்தாழ 53. பெரிய எண்ணாகத் தோன்றிய 1000 கிழமைக் கணக்கில் யாவற்றினும் சிறிதாகவும், சிறிய எண்ணாகத் தோன்றிய 100 யாவற்றினும் பெரிதாகவும் முடிதல் காண்க.

மற்றொரு மயக்கம் செறிவினால் வருவது. ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள சிமிழும் உண்டு. 200 உள்ளதும் 250 உள்ளதும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து சாவகச்சேரிக்கு ஆறு திங்கள் தங்கவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆங்கு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சிப்பியோனேற்றைக் கிழமைக்கு ஒரு மில்லிலீற்றராக ஏற்றிவந்தவர். ஈண்டு அவர் கைக்குக் கிடைப்பது மில்லிலீற்றருக்கு 250 செறிவுள்ள எனாந்தேற்று. பழக்கம் காரணமாகக் கிழமைதோறும் ஒரு மில்லிலீற்றரே ஏற்றினால், 70 மில்லிகிராம் பெறவேண்டியவர் 180 மில்லிகிராம் பெறுவார். அஃது இரண்டரை மடங்கு. அவர்க்கு வேண்டியது 0.4 மில்லிலீற்றர் மட்டுமே. எனாந்தேற்றும் சிப்பியோனேற்றும் மருத்துவப் பயனில் ஏறத்தாழ ஒன்றேயாதலால் இம்மாற்றம் மிக எளிது. எளிய மாற்றத்திலேயே இத்துணைப் பிழைக்கு இடமுண்டாயின், அரிய மாற்றத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மாறும் முறை

குறுங்கால ஊசியிலிருந்து நெடுங்கால ஊசிக்கு மாறுதல் ஒரு வகை. எனாந்தேற்றின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ நாலரை நாள். மூன்று கிழமை சென்றபின் அவ்வூசியில் எஞ்சுவது இருபத்தைந்தில் ஒரு பங்களவே. ஆதலின் அடுத்த எனாந்தேற்று ஏற்றவேண்டிய நாளிலே அதற்குப் பதிலாக அண்டெக்கனோவேற்றைத் தொடங்குதல் பொருந்தும். ஆயினும் முதலூசி ஒன்றினாலே குளம் நிறைந்துவிடாது. ஒரு மருந்து உடம்பில் நிலையான அளவை அடைய நான்கு அல்லது ஐந்து அரைவாழ்வுக்காலம் வேண்டும். எனாந்தேற்றுக்கு அது மூன்று கிழமை. அண்டெக்கனோவேற்றுக்கோ ஏறத்தாழ ஐந்து திங்கள். அதனாலேயே இரண்டாம் ஊசி ஆறு கிழமையில் விதிக்கப்பட்டது. அவ்விரண்டாம் ஊசியைத் தவறவிட்டுப் பன்னிரு கிழமை காத்திருப்பவர், சோர்வுற்று, ‘புதுமருந்து பயனற்றது’ எனக் கைவிடுவர். குறை மருந்தினிடத்ததன்று, காலக்கணக்கினிடத்தது.

நெடுங்கால ஊசியிலிருந்து குறுங்கால ஊசிக்கு மாறுதல் மற்றொரு வகை. இலண்டனில் அண்டெக்கனோவேற்று ஏற்றிக்கொண்டு, ஐந்து கிழமை கழித்து ஊர் வந்த ஒருவர், அடுத்த ஊசி இங்கே கிடைக்குமோ என அஞ்சிச் சசுத்தனனை உடனே தொடங்குகின்றார் எனக் கொள்வோம். ஏறத்தாழ 34 நாளில் முந்திய ஊசியிற் பாதி இன்னும் அவருடம்பில் உள்ளது. அதன்மேல் முழு அளவு சசுத்தனனும் சேரின் ஒரு சிகிச்சை ஒன்றரைச் சிகிச்சையாகும். பன்னிரு கிழமை நிறையும்போது எஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆகவே நெடுங்கால ஊசிக்குரிய தவணை முடியும்வரை காத்திருந்து, குருதியிற் பரிசோதித்து, அதன்பின் குறுங்கால ஊசியைத் தொடங்குவதே முறை. அச்சம் இங்கே பகையாகும். நெடுங்கால ஊசியின் நற்குணம், அது பொறுமைக்கு இடந்தருவதே.

ஏற்றும் முறையிலும் வேறுபாடு உண்டு. எனாந்தேற்று, சிப்பியோனேற்று ஆகியவற்றைப் பயிற்சி பெற்று வீட்டில் தாமே ஏற்றிக்கொள்வோர் மேனாடுகளிற் பலர். ஆமணக்கெண்ணெய் ஊசி அத்தகையதன்று. நான்கு மில்லிலீற்றர் தடித்த எண்ணெயைப் பிட்டத்தின் ஆழ்தசையில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் மெல்ல மெல்லச் செலுத்தவேண்டும். மிக அரிதாக எண்ணெய்த் துளிகள் நாளத்தினுட் புகுந்து நுரையீரலை அடையின் உடனே இருமலும் மூச்சுமுட்டும் உண்டாகும். அமெரிக்கா 2014 இல் இவ்வகை ஊசியை அனுமதித்தபோது, ஊசி ஏற்றியபின் அரைமணி நேரம் நோயாளி மருத்துவர் பார்வையில் இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டது இதனாலேயே. வீட்டூசிக்குப் பழகியவர் இதற்கு மாறும்போது, வீட்டை விட்டு வைத்தியசாலைக்கும் மாறவேண்டும்.

ஊசியின் கால இடைவெளி உள்ளத்தையும் தொடுவது. எனாந்தேற்று 250ஐ மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றுபவர்க்கு முதற் சில நாளில் ஓமோன் அளவு இயல்பினும் மேலே உயரும். மூன்றாங் கிழமையிற் கீழெல்லையை அணுகும். முன்னைய நாள்களில் ஊக்கமும் சினமும், பின்னைய நாள்களிற் களைப்பும் வாட்டமும் பலர் உணர்வர். வீட்டார் இதனைக் குணக்கேடு என எண்ணுவர். அதே மருந்தைச் சிற்றளவாகக் கிழமைதோறும் ஏற்றின் ஏற்றத்தாழ்வு பெரிதும் அடங்கும். ஆகவே சிலர்க்கு வேண்டியது மருந்து மாற்றமன்று, தவணை மாற்றமே.

குருதிப் பரிசோதனையும் நாளும்

மாற்றம் சரியோ எனக் காட்டுவது குருதிப் பரிசோதனை. அதுவும் காலமறியாது செய்யின் பொய் சொல்லும். எனாந்தேற்று, சிப்பியோனேற்று ஏற்றுவோர்க்கு இரு ஊசிகளின் இடைநாளிற் சோதித்தல் வழக்கம். அண்டெக்கனோவேற்று ஏற்றுவோர்க்கு அடுத்த ஊசி ஏற்றுவதற்குச் சற்று முன்னர்ச் சோதித்தல் வழக்கம். ஊசி மாறியும் பழைய நாளிலே சோதிப்பவர், உச்சத்தை அளந்து ‘மிகை’ என்றோ, தாழ்வை அளந்து ‘குறை’ என்றோ மயங்குவர். அன்றியும், அமெரிக்காவில் இவ்வளவை நனோகிராம் கணக்கிற் குறிப்பர். கனடாவிலும் பிரித்தானியாவிலும் நனோமோல் கணக்கிற் குறிப்பர். ஒரு நனோமோல்/லீற்றர் என்பது ஏறத்தாழ 28.8 நனோகிராம்/தெசிலீற்றர். எனவே ஓர் அறிக்கையில் 500 என்றும் மற்றோர் அறிக்கையில் 17 என்றும் காணப்படுவன ஒரே அளவாக இருத்தல் கூடும். அலகை நோக்காது எண்ணை மட்டும் நோக்குபவர், ஓமோன் அறவே வற்றிவிட்டதெனக் கலங்குவர்.

எவ்வூசிக்கு மாறினும் மாறாத கடமைகள் சிலவும் உண்டு. இம்மருந்து செங்குழியங்களைப் பெருக்குவது. குருதியிற் செங்குழியப் பங்கு நூற்றுக்கு 54ஐக் கடப்பின் குருதி தடித்து உறையும் அபாயம் உண்டாதலால், மருத்துவர் அளவைக் குறைப்பர் அல்லது நிறுத்திவைப்பர். குறுங்கால ஊசிகளின் உச்சங்கள் இதனை மிகுதியாகத் தூண்டுவதாகக் கண்டுள்ளனர். மேலும், வெளியிலிருந்து வரும் ஓமோனைக் கண்ட கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடுவதால் விந்தணு ஆக்கம் ஒடுங்கும். மகப்பேறு விரும்புபவர் இதனைத் தொடங்குமுன்னரே மருத்துவர்க்குச் சொல்லவேண்டும். உடற்கட்டுக்காக நலமுள்ள இளைஞர் இவ்வூசிகளைக் களவாக ஏற்றுதல் தம் கையாலேயே தம் சுரப்பியை உறங்கவைப்பதாகும்.

நிறைவுரை

1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தை நம் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். நோயாளியின் மொழியில் மருந்தின் இயல்பு சொல்லப்படல் வேண்டும் என்னும் அக்கொள்கை இன்றும் நிறைவேறியதாகக் கூறுதற்கில்லை. தம்முடம்பில் ஏறும் மருந்தின் பெயரையே அறியாதார் நம்மிடையே பலர். ‘மாதத்து ஊசி’ என்றும் ‘மஞ்சள் எண்ணெய் ஊசி’ என்றும் சொல்லி வைத்தியசாலையில் நிற்பவர்க்கு, கடமையிலுள்ள மருத்துவர் எங்ஙனம் சரியான அளவைக் கணிப்பார்? சிமிழைத் துணிக்குள் மறைத்துக் கொண்டுவருபவர், அதன்மேல் எழுதியுள்ளதையும் மறைத்துவிடுகின்றார்.

ஆகவே இச்சிகிச்சை பெறுவோர் எவரும் சிறு தாளொன்றில் ஐந்து செய்திகளை எழுதித் தம்மோடு வைத்துக்கொள்ளல் நன்று: எசுத்தரின் பெயர், ஒரு மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்பது, கரைத்த எண்ணெய், கடைசியாக ஊசி ஏற்றிய நாள், கடைசிக் குருதிப் பரிசோதனையின் எண்ணும் அலகும் நாளும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், இவ்வைந்தும் மாறா. மருந்துத் தட்டுப்பாடு வந்த நாளிலும், விமானம் ஏறி வேற்றூர் சென்ற நாளிலும், அறிமுகமில்லாத மருத்துவர்முன் அமர்ந்த நாளிலும் இத்தாளே அவர்க்காகப் பேசும்.

நோயாளியையும் நோயையும் நோக்கியதோடு அமையாது, காலத்தையும் நோக்கும்படி மருத்துவனை வேண்டுகின்றது திருக்குறளின் மருந்து அதிகாரம். அவற்றுள் நாம் எளிதில் மறப்பது காலத்தையே. தெசுத்தோசுத்தரோன் ஊசிகளிடையே மாறுதல் மருந்தை மாற்றுதலன்று, காலத்தை மாற்றுதல். காலத்தைக் கணக்கிட்டு மாறுபவர்க்கு எவ்வூசியும் துணையாகும். கணக்கிடாது மாறுபவர்க்கு நல்லூசியும் இடராகும். இதனைத் தெளிய அறிந்த ஆசிரியரும் மாணவரும், இச்சிகிச்சை பெறும் ஒருவரைத் தம் சுற்றத்திலே காணின் நாணத்தை விட்டு உரிய மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக.